டூர் டி பிரான்ஸின் முதல் ஸ்பிரிண்ட் நாளில் மட்டும் ஏன் இத்தனை பதற்றம்?

கேள்வி இதுதான்: மூன்று வாரச் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் சமதள ஸ்டேஜோடு (ஸ்டேஜ் என்றால் ஒரு நாள் ஓட்டம்) தொடங்கும் வருடங்களில், நாலு மணி நேரம் கூட்டமாக ஓட்டிவிட்டுக் கடைசி இருநூறு மீட்டரில்தானே முடிவு தெரிகிறது? இன்னும் மூன்று வாரம் பாக்கி இருக்கும்போது முதல் நாளே ஏன் இப்படி முட்டி மோதி விழுகிறார்கள்? கடைசி ஒரு நிமிஷம் மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. அந்த நாலு மணி நேரத்தில் நடப்பது புரிந்தால்தான் கடைசி நிமிஷமே புரியும்.

முதலில் ஒரு கணக்கு. 2025-இல் 23 அணிகள், அணிக்கு 8 பேர், மொத்தம் 184 வீரர்கள் புறப்பட்டார்கள். முதல் நாள் காலையில் 184 பேரின் மொத்த நேரமும் பூஜ்யம். போன வருடம் பட்டம் வென்றவருக்கும் முதல்முறை வந்திருக்கும் இருபது வயதுப் பையனுக்கும் ஒரே கணக்கு. யார் கோட்டை முதலில் தாண்டுகிறாரோ அவருக்கு அன்று மாலை மஞ்சள் ஜெர்சி, அதாவது மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் சட்டை. மலையேற முடியாத, எண்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு ஸ்பிரிண்டர் (கடைசி மீட்டர்களின் வேகப் பாய்ச்சலில் வெல்பவர்) உலகின் மிகப்பெரிய சைக்கிள் பந்தயத்தில் முதலிடத்தில் நிற்க அநேகமாக அந்த ஒரு நாள்தான் வாய்ப்பு. அடுத்த நாள் ஒரு மேடு வந்தால் போச்சு. மலைகள் வந்த பிறகு அவர் முதலிடத்துக்கு மணிக்கணக்கில் பின்னால் இருப்பார். ஸ்பிரிண்டருக்கு, புள்ளிகளில் முந்துபவர் அணியும் பச்சை ஜெர்சி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, 1953-லிருந்து. 2025-இல் சமதள ஸ்டேஜை வென்றால் அதற்கு 50 புள்ளி. ஆனால் அது மூன்று வாரம் சேமிக்க வேண்டிய சேமிப்பு. மஞ்சள் ஒரே நாளில் கிடைப்பது.

அந்த வாய்ப்பும் எல்லா வருடமும் வருவதில்லை. 1967-இல் ஆன்ஷே நகரில் முதல் முறையாகப் புரோலாக் வைத்தார்கள். அதாவது சில கிலோமீட்டர் மட்டும் ஒவ்வொருவராகத் தனியாக ஓட்டும் நேரப் பந்தயம். அதன்பிறகு 2007 வரை பெரும்பாலும் அப்படித்தான் டூர் தொடங்கியது. அதனால் முதல் மஞ்சள் நேரப் பந்தயக்காரர்களுக்கே போகும். ஸ்பிரிண்டர்கள் அதற்கடுத்த நாட்களில், முன்னால் முடிப்பவர்களின் நேரத்தில் கழிக்கப்படும் போனஸ் விநாடிகளைச் சேர்த்துச் சேர்த்து அவர்களைப் பிடிக்க வேண்டும். 2008-இல் புரோலாக் இல்லாமல் தொடங்கினார்கள். அதற்குப் பிறகும் எல்லாம் ஸ்பிரிண்டர்களுக்குச் சாதகமாக மாறிவிடவில்லை. 2015 உட்ரெக்ட், 2017 டுசல்டார்ஃப், 2022 கோபன்ஹேகன் மூன்றும் நேரப் பந்தயம். 2021, 2023, 2024 மேடு பள்ளம். எண்ணிப் பார்த்தால் 2013, 2014, 2016, 2018, 2019, 2020, 2025 என்று சில வருடங்களில்தான் முதல் நாள் மாலையே ஸ்பிரிண்டர் கையில் மஞ்சள் வந்தது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய பிரிட்டிஷ் ஸ்பிரிண்டர் மார்க் கேவண்டிஷைப் பாருங்கள். 2014-இல் டூர் இங்கிலாந்தில் தொடங்கியது. முதல் ஸ்டேஜ் லீட்ஸிலிருந்து ஹாரோகேட். ஹாரோகேட் அவருடைய அம்மாவின் ஊர். அதுவரை டூரில் 25 ஸ்டேஜ் வென்றிருந்தும் மஞ்சள் ஜெர்சியை ஒருநாள்கூட அணிந்ததில்லை. கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், இல்லாத இடைவெளியில் தோளைக் கொடுத்து நுழையப் பார்த்தார். சைமன் கெரான்ஸோடு மோதி விழுந்தார். தோள்பட்டை விலகியது. அத்தோடு அவருக்கு அந்த டூர் முடிந்தது. தவறு தன்னுடையதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அத்தனை அனுபவமுள்ள மனிதர் ஏன் அப்படிச் செய்தார் என்றால், முதல் நாள் என்பதுதான் பதில். இரண்டு வருடம் கழித்து 2016-இல், மோன் சான் மிஷேலிலிருந்து யூட்டா பீச் வரையான முதல் ஸ்டேஜில், மார்செல் கிட்டலையும் பீட்டர் சாகனையும் பின்னால் தள்ளி வென்றார். அவருடைய 27-ஆவது ஸ்டேஜ் வெற்றி, வாழ்க்கையில் முதல் மஞ்சள்.

சரி, ஸ்பிரிண்டர்கள் மோதுவது புரிகிறது. மூன்று வாரப் பட்டத்துக்கு வந்தவர்கள், மலையில் வெல்லப்போகிறவர்கள், அவர்கள் ஏன் அந்த நெரிசலில் முன்னால் வந்து நிற்கிறார்கள்? பின்னால் பத்திரமாக வரலாமே?

பின்னால் பத்திரம் இல்லை என்பதுதான் சிக்கல். சாலையில் பத்துப் பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம் என்று வையுங்கள். 184 பேர் என்றால் பதினெட்டு இருபது வரிசை. முன்னால் ஒருவர் பிரேக்கை லேசாகத் தொட்டால், அது பின்னால் போகப் போகப் பெரிதாகிப் பதினைந்தாவது வரிசையில் சடன் பிரேக்காக மாறுகிறது. விழுவது நடுவிலும் பின்னாலும்தான் அதிகம். விழாதவர்களும் விழுந்தவர்களைத் தாண்ட முடியாமல் நிற்க வேண்டியிருக்கும். அதனால் எல்லா அணிகளும் ஓட்டுநர்களுக்கு ரேடியோவில் சொல்வது ஒன்றே: முன்னால் போ. 23 அணிகளுக்கும் அதே உத்தரவு, முன்னால் இருப்பதோ இரண்டு அணிகளுக்கான இடம். பதற்றம் உருவாகும் இடம் இதுதான். ஆபத்திலிருந்து தப்ப எல்லோரும் எடுக்கும் முடிவே ஆபத்தை உண்டாக்குகிறது.

முதல் நாளில் இது மோசமாக இருக்க இன்னும் இரண்டு காரணம். ஒன்று, எல்லோர் காலும் புதிது. பத்து நாள் கழித்து பாதிப் பேருக்கு முண்டியடிக்கத் தெம்பு இருக்காது. தானாகவே ஒரு ஒழுங்கு வந்துவிடும். இரண்டாவது, யார் வேகம் எவ்வளவு என்று யாருக்கும் இன்னும் தெரியாது. மூன்று ஸ்பிரிண்ட் முடிந்தபின் இந்த வருடம் இவன்தான் வேகம், இவன் அணிக்கு வழிவிடு என்று ஒரு வரிசை உருவாகும். முதல் நாள் அந்த வரிசை கிடையாது. ஆறேழு பேர் நாமே ஜெயிப்போம் என்று உண்மையாகவே நம்புகிறார்கள்.

பட்டத்துக்கு வந்தவர்கள் என்ன இழக்கிறார்கள் என்று பாருங்கள். 2018-இல் முதல் ஸ்டேஜில் கிறிஸ் ஃப்ரூம் கடைசிக் கிலோமீட்டர்களில் சாலையோரப் புல்லில் போய் விழுந்தார். 51 விநாடி நஷ்டம். நைரோ கின்டானாவுக்குச் சக்கரம் பழுதாகி ஒரு நிமிஷம் 15 விநாடி போனது. மலையில் 51 விநாடி சம்பாதிக்க ஒரு முழு ஏற்றம் தேவைப்படும். 2016-இல் அல்பெர்ட்டோ கான்டடோர் முதல் நாளே விழுந்தார், இரண்டாம் நாளும் விழுந்தார், ஒன்பதாம் நாள் வண்டியிலிருந்து இறங்கிவிட்டார்.

விதிகளில் ஒரு பாதுகாப்பு உண்டு. கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தாலோ சக்கரம் பஞ்சரானாலோ, எந்தக் குழுவில் இருந்தீர்களோ அந்தக் குழுவின் நேரமே உங்களுக்கும். சில ஸ்டேஜ்களில் இதை 5 கிலோமீட்டர் வரை நீட்டவும் இப்போது விதி இடம் தருகிறது. நல்ல விதிதான். ஆனால் அதனால் பதற்றம் குறையவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான். பட்டத்துக்கு ஓட்டுபவர்கள் 3 கிலோமீட்டர் பலகை வரைக்கும் ஸ்பிரிண்டர்களுக்குச் சமமாகச் சண்டை போடுகிறார்கள், அதைத் தாண்டியதும் ஒதுங்குகிறார்கள். பலகைக்கு முன்னால் இருக்கும் அந்த ஐந்தாறு கிலோமீட்டரைக் கவனித்துப் பாருங்கள்.

அப்புறம், காலையில் ஓடிப்போகும் அந்த மூன்று நாலு பேர். கொடி காட்டியதுமே கூட்டத்தை விட்டு முன்னால் போவார்கள். பிடிபடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். ஃபிரெஞ்சு வர்ணனையாளர் ராபேர் ஷபாத்தின் பெயரில் ஒரு கணக்கே இருக்கிறது: துரத்தும் கூட்டம் பத்து கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம் மீட்கும். ஸ்பிரிண்டர் அணிகள் அதை வைத்தே கயிற்றை விட்டுப் பிடிக்கின்றன. சீக்கிரம் பிடித்தால் வேறு யாராவது புதிதாக ஓடுவார்கள், தாமதித்தால் வெற்றியே கைநழுவும். அணிக்கு ஒருவரைக் கொடுத்து முன்னால் காற்றை வாங்கச் சொல்வார்கள். அந்த ஆள் மணிக்கணக்கில் இழுத்துவிட்டு, கடைசியில் படத்தில்கூட வரமாட்டார்.

ஓடிப்போகிறவர்களுக்கு என்ன லாபம்? மேடுகளின் உச்சியில் கிடைக்கும் புள்ளிகளில் முந்துபவருக்குப் புள்ளி போட்ட மலை ஜெர்சி; முதல் நாள் அதுவும் யாரிடமும் இல்லை. வழியில் ஒரு சின்ன மேடு இருந்து, அதன் உச்சியை முதலில் தொட்டால் ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளி போதும் அன்று மாலை மேடையேற. 2025-இல் காசெல் மேட்டின் கருங்கல் பாவிய தெருவில் பெஞ்சமின் தோமாவும் மத்தேயோ வெர்ஷேயும் அந்த ஒரு புள்ளிக்காக ஸ்பிரிண்ட் அடித்து, ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள். தோமா எழுந்து ஓட்டி மாலையில் புள்ளி ஜெர்சி போட்டுக்கொண்டார். பூஜ்யத்தில் எல்லோரும் நிற்கும் நாளில் ஒரு புள்ளிக்கு இருக்கும் விலை அது.

இனி கடைசிக் கிலோமீட்டர்கள். நான் இந்த விளையாட்டில் அதிகம் நேசிப்பது இதைத்தான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஸ்பிரிண்டர் தனியாக வெல்வதில்லை. காற்றுதான் எல்லாம். கூட்டத்தின் நடுவில் நன்றாக ஒளிந்துகொண்டால், தனியாக ஓட்டும்போது இருக்கும் காற்றுத்தடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட அது குறையும். ஸ்பிரிண்டர் முழு வேகத்தில் ஓட்டக்கூடியது பத்துப் பதினைந்து விநாடிதான். அந்தப் பதினைந்து விநாடி தொடங்கும்வரை அவர் முகத்தில் காற்று படக்கூடாது. அதற்காகத்தான் அவருக்கு முன்னால் நாலைந்து சக அணி வீரர்கள் வரிசையாக ஓட்டுகிறார்கள். ரயில் என்று சொல்வார்கள். ஒவ்வொருவரும் தன்னால் முடிந்தவரை முழு வேகத்தில் இழுத்துவிட்டு ஒதுங்க, அடுத்தவர் அதைவிட வேகமாக இழுப்பார். வேகம் குறையவே கூடாது. குறைந்தால் பின்னாலிருந்து இன்னொரு ரயில் இரண்டு பக்கமும் சூழ்ந்து, உங்கள் ஆளைப் பெட்டிக்குள் அடைத்ததுபோல் அடைத்துவிடும்.

கடைசி ஆள்தான் லீட்-அவுட். அவர் வேலை இந்த விளையாட்டிலேயே மிகக் கடினமான வேலைகளில் ஒன்று என்று நினைக்கிறேன். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில், பின்னால் திரும்பிப் பார்க்காமல், தன் ஆள் தன் சக்கரத்தில் இருக்கிறாரா என்று தெரிந்துகொண்டு, சரியான மீட்டரில் ஒதுங்க வேண்டும். எதிர்க்காற்று என்றால் 150 மீட்டர்வரை காத்திருக்க வேண்டும். பின்காற்று என்றால் 250 மீட்டரிலேயே விட்டுவிடலாம். கேவண்டிஷுக்கு மார்க் ரென்ஷா இருந்தார். யாஸ்பர் ஃபிலிப்சனுக்கு, உலக சாம்பியன் பட்டம் வென்ற மத்தியூ வான் டெர் போலே இழுக்கிறார்.

முதல் நாளில் இந்த ரயில்கள் எத்தனை தடவை உடைகின்றன என்பதையும் கவனியுங்கள். 2019-இல் பிரசல்ஸில், டிலன் கிரோனவெகனுக்காக அவர் அணி முழுதும் உழைத்தது. கடைசி இரண்டு கிலோமீட்டருக்குள் அவர் விழுந்துவிட்டார். அவரை இழுத்துவிட வேண்டிய மைக் டியூனிசன், சரி நானே போகிறேன் என்று போய், பீட்டர் சாகனைக் கோட்டில் மிக நெருக்கமாக முந்தினார். 1989-க்குப் பிறகு மஞ்சள் அணிந்த முதல் நெதர்லாந்துக்காரர் அவர். 2007-இல் லண்டனிலிருந்து கான்டர்பரிக்குப் போன முதல் ஸ்டேஜில் ராபி மெக்யூவன் சுமார் இருபது கிலோமீட்டர் இருக்கும்போது விழுந்தார். அணிக்காரர்கள் நின்று, அவரை மறுபடி கூட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வந்தவர் கூட்டத்தைப் பின்னாலிருந்து துளைத்துக்கொண்டு போய் வென்றும்விட்டார். இது மாதிரி கதைகள் கடைசி நிமிஷத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. ஏதோ ஒருவர் வேகமாக வந்தார் என்றுதான் தோன்றும்.

கோட்டில் சைக்கிளைக் கையால் முன்னே தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரத்தின் முன்விளிம்பு கோட்டைத் தொடும் கணம்தான் கணக்கு. 2017-இல் நுயி சான் ஜார்ஜில் (அது முதல் ஸ்டேஜ் இல்லை, ஏழாவது) கிட்டல், எட்வால்ட் போசன் ஹாகனை 6 மில்லிமீட்டரில் வென்றார்.

காற்றை விட்டுவிட்டேன். சமதளம் என்றால் எளிது என்று நினைக்காதீர்கள். பக்கவாட்டுக் காற்று அடித்தால் சமதளம் மலையைவிடக் கொடுமை. அப்போது முன்னவருக்கு நேர் பின்னால் ஒளிய முடியாது, சாய்வாகப் பக்கத்தில் நிற்க வேண்டும். சாலையின் குறுக்கே விசிறிபோல் ஒரு வரிசை விரியும். சாலை அகலத்துக்குள் அடங்குகிறவர்கள் மட்டும் தப்பிப்பார்கள். மற்றவர்கள் ஓரத்து வெள்ளைக்கோட்டில் காற்றை வாங்கிக்கொண்டு ஒற்றை வரிசையில் தவிக்க, ஒரு சின்ன இடைவெளி விழும், அது ஒரு நிமிஷத்தில் நிரந்தரமாகிவிடும்.

2025-இல் லீல் நகரில் தொடங்கி லீலிலேயே முடிந்த 185 கிலோமீட்டரில் நடந்தது இதுதான். முடிய இருபது கிலோமீட்டர்கூட இல்லாதபோது, கூட்டம் காற்றில் உடைந்தது. முன்குழுவில் நாற்பது பேர்கூட இல்லை. பட்டத்துக்கு வந்தவர்களில் தாடே போகச்சாரும் யோனாஸ் விங்ககோரும் உள்ளே. ரெம்கோ எவனபூலும் பிரிமோஷ் ரோக்லிச்சும் வெளியே. 39 விநாடி நஷ்டம். வேகமான ஸ்பிரிண்டர்கள் என்று எல்லோரும் பேசிய டிம் மெர்லியே, யொனாதன் மிலான் இருவருமே பின்குழுவில் மாட்டிக்கொண்டார்கள். ஃபிலிப்சன் வென்றார், பினியம் கிர்மாய் இரண்டாவது. காற்று அடிக்கும் திசை மாறும் திருப்பத்தில் அந்த நிமிஷம் எங்கே நின்றார்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது. மெர்லியே இரண்டு நாள் கழித்து டன்கர்க்கில் வென்று தன் வேகத்தைக் காட்டினார். அதே நாள், மஞ்சளைத் தந்துவிட்டுப் பச்சை ஜெர்சியில் ஓட்டிக்கொண்டிருந்த ஃபிலிப்சன், வழியில் பச்சை ஜெர்சிப் புள்ளிகளுக்காக வைக்கும் இடைப்பட்ட ஸ்பிரிண்டில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்து வீட்டுக்குப் போனார். முதல் நாள் மேடையில் நின்றவருக்கு நாலாம் நாள் பந்தயமே இல்லை.

ஆபத்தைப் பற்றி மழுப்பாமல் பேச வேண்டும். 1994-இல் லீலிலிருந்து ஆர்மன்டியேருக்குப் போன முதல் ஸ்டேஜின் முடிவில், கோட்டுக்கு அருகே ஒரு காவலர் படமெடுக்க ஓரமாகச் சாலைக்குள் எட்டி நின்றார். தலையைக் குனிந்து ஸ்பிரிண்ட் அடித்துவந்த வில்ஃப்ரிட் நெலிசன் அவர்மேல் மோதினார், லோரான் ஜலாபேர் அதில் மாட்டி முகத்தெலும்புகள் முறிந்தன. அந்த ஸ்டேஜை வென்றவர் ஜமோலிதீன் அப்துஜபாரோவ். பலருக்கு இன்று நினைவிருப்பது அந்த மோதல்தான். ஜலாபேர் அடுத்த வருடமே திரும்பிவந்து பச்சை ஜெர்சியை வென்றார், அதே 1995-இல் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவையும் ஒட்டுமொத்தமாக வென்றார். ஸ்பிரிண்டராக இருந்தவர் வேறு வகை வீரராகிவிட்டார்.

2013-இல் கோர்சிகா தீவில் நடந்த முதல் ஸ்டேஜ் இன்னொரு மாதிரி. ஓர் அணியின் பேருந்து பாஸ்தியாவில் முடிவுக்கோட்டின் வளைவுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. கூட்டம் வந்துகொண்டிருக்கிறது! முடிவை 3 கிலோமீட்டர் முன்னால் மாற்றுகிறோம் என்று ரேடியோவில் சொன்னார்கள். பேருந்தின் டயர் காற்றைப் பிடுங்கி அதை வெளியே எடுத்தபின், இல்லை, பழைய இடத்திலேயே என்றார்கள். அந்தக் குழப்பத்துக்கு நடுவே பெரிய விபத்து. சாகன் விழுந்தார், கேவண்டிஷ் பின்னால் சிக்கினார். எல்லோருக்கும் ஒரே நேரம் கொடுத்தார்கள். தப்பிவந்த கிட்டல் வென்று மஞ்சள் அணிந்தார். அந்த விபத்தில் விழுந்தவர்களில் ஜெரைன்ட் தாமஸும் ஒருவர். இடுப்பெலும்பில் விரிசல். அதோடு அவர் பாரிஸ்வரை மூன்று வாரமும் ஓட்டினார். ஐந்து வருடம் கழித்து டூரையே வென்றவர் அவர்தான்.

ஒரு சின்ன திருத்தமும் சொல்ல வேண்டும். முதல் ஸ்பிரிண்ட் எப்போதும் முதல் நாளில் வருவதில்லை. நேரப் பந்தயத்தோடு தொடங்கினால் அது இரண்டாம் நாள். 2022-இல் டென்மார்க்கில் அப்படித்தான். நைபோர்கில் ஃபாபியோ யாக்கப்சன் வென்றார். அவர் 2020 ஆகஸ்ட்டில் போலந்தின் கட்டோவிட்சேயில், இறக்கத்தில் வைத்த ஒரு ஸ்பிரிண்டில் தடுப்புக்குள் தள்ளப்பட்டு, கோமாவில் வைத்துச் சிகிச்சை கொடுக்கப்பட்டவர். பற்கள் அநேகமாக எல்லாமே போயிருந்தன. தள்ளியதற்காக ஒன்பது மாதத் தடை பெற்றவர் கிரோனவெகன். யாக்கப்சன் வென்றதற்கு மறுநாள், சண்டர்போர்கில் வென்றது அதே கிரோனவெகன். அந்த இரண்டு மாலைகளையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்குப் பேச வரவில்லை.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டால்: முழுதும் பார்க்க நேரம் இல்லையென்றால் கடைசி 30 கிலோமீட்டரைப் பாருங்கள். தலைவர்களைத் தேடாதீர்கள், அவர்களுக்கு முன்னால் காற்றை வாங்கும் ஆட்களைத் தேடுங்கள். எந்த அணிக்கு இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று பத்து கிலோமீட்டர், ஐந்து, மூன்று என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். ஹெலிகாப்டர் காட்சியில் சாலையோரக் கொடிகளும் மரக்கிளைகளும் எந்தப் பக்கம் ஆடுகின்றன என்று பாருங்கள். 2025 லீல் ஸ்டேஜ் பதிவு கிடைத்தால் 25 கிலோமீட்டரிலிருந்து ஓடவிட்டு, உடைவதற்கு முன் மெர்லியே எத்தனையாவது வரிசையில் இருக்கிறார் என்று மட்டும் கண்டுபிடியுங்கள்.